ஆறு வயதுக் குழந்தைக்குக் கையால் செய்து கற்கும் கணக்கு: எந்தப் பாடத்திட்டம்?

கேள்வி: ஓசூரிலிருந்து ஒரு வாசகி, ஜூன் 4

மகனுக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது. பள்ளியில் சேர்க்கவில்லை, வீட்டிலேயேதான் கற்கிறான். நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் பதினேழு கரண்டிகளைப் பரப்பி வைத்தால் எண்ணத் தடுமாறுகிறான். பணித்தாளைக் கொடுத்தால் பென்சிலைத் தூக்கி எறிகிறான். தொட்டுச் செய்கிற பாடத்திட்டம்தான் இவனுக்குச் சரிவரும். மாண்டிசோரி மணிகள், மேத்-யூ-சீ, ரைட்ஸ்டார்ட், சிங்கப்பூர் கணிதம் என்று படித்துப் படித்துக் குழம்பிவிட்டேன். நல்ல பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் மீதியை அவனே பிடித்துக்கொள்வான் என்பது என் நம்பிக்கை. எதை வாங்கட்டும்?

பதில்: ஜூன் 4, இரவு

இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள்.

கரண்டி விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. எண்ணும்போது ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று கையும் வாயும் சேர்ந்து போக வேண்டும். எண்ணியது எது, எண்ணாதது எது என்று நினைவிருக்க வேண்டும். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்றும் புரிய வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலை. பரப்பி வைத்ததை அப்படியே எண்ணச் சொல்லாமல், எண்ணிய கரண்டியை ஒரு தட்டுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். பாதித் தடுமாற்றம் அதிலேயே போய்விடும். முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் அவனுக்கு அந்த மூன்றாவது விஷயம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

பொருளைக் கொடுத்துவிட்டால் மீதியை அவனே பிடித்துக்கொள்வான் என்கிறீர்களே, அதோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் வீட்டுவழிக் கல்விக்கு முன்னோடியாக இருந்த ஜான் ஹோல்ட், அதற்கு முன்பு வகுப்பாசிரியராக இருந்தபோது, வண்ணக் கோல்களை (எண்ணுக்கு ஒரு நீளம், ஒரு நிறம் என்று வரும் குச்சிகள்) வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவர் கவனித்தது இது: கோலுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு பெரியவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது, காரணம் அவர்களுக்கு எண்கள் ஏற்கெனவே தெரியும். எண்களே பிடிபடாத குழந்தைக்குக் கோல் உலகம் ஒன்று, எண் உலகம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் தானாகப் பாலம் முளைப்பதில்லை. அதை யாராவது கூட உட்கார்ந்து கட்ட வேண்டும்.

ஜூன் 5

நீங்கள் கேட்ட பெயர்களுக்கு வருகிறேன்.

மேத்-யூ-சீ: ஸ்டீவ் டெம்மி உருவாக்கியது. ஆல்பா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகளில் நிலைகள். ஆல்பாவில் ஓரிலக்கக் கூட்டல், கழித்தல், காமாவில் பெருக்கல், டெல்டாவில் வகுத்தல். ஒரு நிலையில் ஒரு முக்கியத் தலைப்புதான், அதை முழுக்க முடித்த பிறகே அடுத்தது. அதன் கட்டைகளில் ஒவ்வொரு ஒன்றும் கோடு போட்டுப் பிரிந்திருக்கும்.

ரைட்ஸ்டார்ட்: ஜோன் காட்டர் உருவாக்கியது. இதற்கு மையம் நூறு மணி கொண்ட மணிச்சட்டம். வரிசைக்குப் பத்து மணி, அதிலும் ஐந்து ஒரு நிறம், ஐந்து வேறு நிறம். ஏழு என்றால் ஐந்தும் இரண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், ஒவ்வொன்றாக எண்ணக் கூடாது என்பது அதன் கொள்கை. பணித்தாள் குறைவு, சீட்டு விளையாட்டு அதிகம்.

சிங்கப்பூர் கணிதம்: 1980களில் அந்த நாட்டு அரசு வகுத்த முறை. முதலில் பொருள், பிறகு படம், பிறகு குறியீடு. உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன மூன்று படிகள்தான் இதற்கு அடிப்படை. படத்திலிருந்து குறியீட்டுக்குப் போகிற இடம் இதில் மிக நன்றாக இருக்கும். ஆனால் புத்தகத்தை மட்டும் வாங்கினால் முதல் படி, அதாவது பொருள், உங்கள் பொறுப்பு. அதைத் தவிர்த்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் ஓட்டுகிறவர்கள் அதிகம்.

மிக்வான்: லோர் ராஸ்முசன் எழுதியது, ஆறு மெல்லிய புத்தகங்கள், முதல் மூன்று வகுப்புகளுக்கு. முழுக்க வண்ணக் கோல்கள். சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கணக்கில் துணிச்சல் இருந்தால் அருமையான புத்தகங்கள். நான் அதிகம் பயன்படுத்தியது இதைத்தான்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

வெளிநாட்டுப் பெட்டிகளுக்குத் தபால் செலவும் சுங்கமும் தனி. விலையைப் பார்த்து முடிவெடுத்துவிட்டுக் கடைசியில் திணறாதீர்கள். வண்ணக் கோல்கள், பத்தடிமானக் கட்டைகள் (ஒன்று, பத்து, நூறு என்று தனித்தனித் துண்டுகளாக வரும் எண் கட்டைகள்) இரண்டும் இப்போது இந்தியாவிலேயே கிடைக்கின்றன.

ஜூன் 8

கோல் என்றால் எது, கட்டை என்றால் எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

குயிசனேர் கோல்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குயிசனேர் செய்தவை. 1952-ல் அதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே கணிதக் கல்வியாளர் கேலப் கட்டெக்னோ அதைப் பார்த்துவிட்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனார். ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை பத்து நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெள்ளை 1, சிவப்பு 2, இளம்பச்சை 3, மஞ்சள் 5, பழுப்பு 8, ஆரஞ்சு 10. மேலே எந்தக் கோடும் இருக்காது. கோடு இல்லாததுதான் இதன் உயிர். எண்ண முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முடியும்.

என் மகள் 8 + 5 கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். பழுப்பையும் மஞ்சளையும் வால் தலையாக வைத்தாள். கீழே ஆரஞ்சை ஒட்டி வைத்தாள். மஞ்சள் ஆரஞ்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். அப்புறம் மஞ்சளை எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு ஒரு சிவப்பும் ஒரு இளம்பச்சையும் வைத்தாள். பழுப்பும் சிவப்பும் சேர்ந்து ஆரஞ்சோடு சரியாக முட்டியது. "பத்தும் மூணும்" என்றாள். ஐந்தை இரண்டாகவும் மூன்றாகவும் உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அந்த இடைவெளி சொன்னது.

சரி, அதற்கு முன்பு பல வாரங்கள் "ஆரஞ்சுக்கு ஜோடி சேர்" விளையாட்டு நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இது வராது.

ஜூன் 9

இனி நான் அடித்துச் சொல்ல நினைக்கும் விஷயம். இதற்கு ஒரு துண்டு போதும், தலை துவட்டுகிற துண்டு.

ஒன்பது புளியங்கொட்டையை வையுங்கள். குழந்தை எண்ணட்டும். துண்டால் மூடுங்கள். கையை உள்ளே விட்டு மூன்றை எடுத்து வெளியே காட்டுங்கள். "உள்ளே எத்தனை?" இப்போது எண்ணப் பொருள் கண்ணில் படாது. மனத்துக்குள் ஒரு படம் இருந்தால்தான் பதில் வரும். பதில் சொன்னதும் துண்டை விலக்கி அவனே சரிபார்க்கட்டும். நீங்கள் சரி, தப்பு என்று சொல்லவே வேண்டாம்.

எந்தப் பாடத்திட்டத்தை வாங்கினாலும் இந்தப் படி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளைக் கையாள்வதற்கும் தாளில் எழுதுவதற்கும் நடுவே, பொருள் மறைந்த பிறகும் குழந்தை அதைப் பற்றிப் பேசுகிற ஒரு கட்டம். அது இல்லாத திட்டத்தில் குழந்தை கட்டைகளோடு நன்றாகச் செய்யும், தாளில் விழிக்கும். "கையில் போடுகிறாள், நோட்டில் போடமாட்டேன் என்கிறாள்" என்று இங்கே எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்! பொருளைக் குறை சொல்லவும் வேண்டாம், குழந்தையைக் குறை சொல்லவும் வேண்டாம். நடுப்படி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ரைட்ஸ்டார்ட்டில் இது இருக்கிறது. மணிச்சட்டத்தைக் காட்டி, மறைத்து, மனத்தில் பார்க்கச் சொல்வார்கள்.

ஜூன் 10

மாண்டிசோரி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்தார், பிரம்மஞான சபையின் அழைப்பில். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், சில காலம் கொடைக்கானலிலும். ஆகவே நம் ஊருக்கு இது அந்நியம் இல்லை.

தங்கமணிப் பொருள் அழகானது: ஒரு மணி, பத்து மணிக் கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். ஆயிரத்தைத் தூக்கும்போது அதன் கனத்தைக் குழந்தை உணர்கிறது. அதை வேறு எதுவும் தராது. ஆனால் அது வகுப்பறைக்கான ஏற்பாடு. ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குப் போகும் வரிசையைப் பயிற்சி பெற்ற ஒருவர் கண்காணிக்க வேண்டும், பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து இருக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு குழந்தைக்காக மொத்தத்தையும் வாங்கி அலமாரியில் அடுக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பக்கத்தில் மாண்டிசோரிப் பள்ளி இருந்தால் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஜூன் 13

பல்லாங்குழி. இதை யாரும் இன்னும் எழுதாதது எனக்கு ஆச்சரியம்.

பதினான்கு குழி, குழிக்கு ஐந்து. எதிரெதிர்க் குழிகளைச் சேர்த்தால் பத்து, அப்படி ஏழு ஜோடி, மொத்தம் எழுபது. ஆட்டத்தை அடுக்கி வைப்பதே ஒரு பாடம். அப்புறம் "பசு". ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி (ஊருக்கு ஊர் மாறும்). மனிதக் கண் எண்ணாமலேயே ஒரே பார்வையில் பிடிக்கக்கூடிய அளவு கிட்டத்தட்ட நான்குதான். விளையாட்டு அந்த எல்லையிலேயே குழந்தையை நிறுத்திப் பழக்குகிறது. எதிராளி பார்க்கும் முன் பசுவைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு!

கொஞ்சம் வளர்ந்ததும் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கை எங்கே முடியும், அடுத்த குழி காலியாக இருக்குமா, அதைத் துடைத்து அதற்கடுத்த குழியை அள்ள முடியுமா என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். தொடாமலேயே, மனத்துக்குள்ளேயே விதைத்துப் பார்க்கிறார்கள். நான் துண்டு போட்டு மூடியதை இங்கே ஆட்டமே செய்துவிடுகிறது.

தாயக்கட்டையும் அப்படித்தான். இரண்டு கட்டை, பக்கங்களில் 1, 2, 3, வெறுமை. 3-ம் 2-ம் விழுந்தால் ஐந்து. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது ஏன் என்று கேட்காத குழந்தை இல்லை. விதி அப்படி, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 14

விளையாட்டு என்றதும் "பொழுதுபோக்குதானே, படிப்பு எப்போது?" என்று கேட்கிறார் ஒரு தாத்தா. ஐயா, 2008-ல் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளோடு ஓர் ஆய்வு செய்தார்கள். 1 முதல் 10 வரை நேர்க்கோட்டில் எண் எழுதிய பலகையில் சில அமர்வுகள் விளையாடியவர்களுக்கு எண்களை ஒப்பிடுவது, எண்கோட்டில் இடம் குறிப்பது எல்லாம் முன்னேறின. எண் இல்லாமல் நிறம் மட்டும் உள்ள பலகையில் அதே விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய் 5-ல் நின்று 2 விழுந்தால், குழந்தை "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தக் கூடாது. "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பரமபதம் ஆடும்போதும் இதைச் செய்யுங்கள். பரமபதத்தில் வரிசைக்கு வரிசை திசை மாறும், சின்னக் குழந்தைகள் அங்கே தடுமாறுவார்கள். முதலில் ஒரு அட்டையில் நேராக இருபது கட்டம் போட்டு ஆடிவிட்டு அதற்குப் போகலாம்.

ஜூன் 21

8-ம் தேதி கோல்களைப் பற்றி உற்சாகமாக எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஓசூர் அம்மாவின் மகன் இன்னும் பதினேழிலேயே தடுமாறுகிறான். எண்ணுவதே உறுதிப்படாத குழந்தைக்கு எண்ண முடியாத கோலைக் கொடுப்பது அவசரம். அவனுக்கு முதலில் எண்ணவும் முடிய வேண்டும், பத்தாகப் பார்க்கவும் முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்த பொருள் மணிச்சரம்தான். டெல்லியில் உள்ள ஜோடோ கியான் அமைப்பு "கணித்மாலா" என்று பரப்பிவருவது இது: நூறு மணி, பத்துக்குப் பத்து நிறம் மாறும். நீங்களே கோத்துவிடலாம். சுவரில் இரண்டு ஆணியில் கட்டி, 34-ல் துணிக் கிளிப் மாட்டச் சொல்லுங்கள். முதலில் ஒன்றிலிருந்து எண்ணுவான். கொஞ்ச நாளில் மூன்று பத்தைத் தாண்டி நான்கு என்று கை நேராகப் போகும். அந்த நாளில் கோல்களை எடுங்கள்.

ஜூன் 22

கழித்தல் பற்றிக் கேட்டவருக்கு.

42 − 17. வீட்டில் தென்னை விளக்குமாறு இருக்கிறதா? ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். அந்தக் கட்டுகளைக் குழந்தையே கட்டட்டும், நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். நான்கு கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து பதினேழை எனக்குக் கொடு என்று கேளுங்கள். ஒரு கட்டைத் தருவார்கள். ஏழு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. இங்கே வாயைத் திறக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை. என் மகள் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதைப் பிரிக்கலாமா?" என்று அனுமதி கேட்டாள். ரப்பரை உருவியதும் பத்துக் குச்சியும் தரையில் சிதறின. பாடப் புத்தகத்தில் இனமாற்றம் என்று வருவது இதுதான். பிறகு தாளில் 4-ஐ அடித்து 3 என்று எழுதும்போது அவள் எழுதியது அந்தப் பிரித்த கட்டைத்தான்.

பத்தடிமானக் கட்டையில் பத்தை உடைக்க முடியாது, கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் முடியும். ஆகவே முதலில் ஈர்க்குச்சி, அப்புறம் கட்டை. வரிசை மாறினால் "மாற்றிக்கொள்வது" வெறும் சடங்காகிவிடுகிறது.

ஜூன் 23

கரடி பொம்மை, பழ வடிவம் என்று எண்ணும் பொருள்கள் விற்கிறார்கள். வேண்டாம். கரடியைக் கண்டால் குழந்தை கரடிக்குச் சோறு ஊட்டும், அது இயல்பு. பொருள் எவ்வளவு சாதுவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கொட்டை, சோழி, குச்சி போதும்.

ஜூலை 2

"எனக்கே கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும், இவ்வளவையும் நான் எப்படி யோசித்துச் செய்வது?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இதைப் படித்ததும் நான் முன்பு சொன்னதை மறுபடி யோசித்தேன். என்னைப் போல அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் எடுத்துச் சேர்ப்பது எல்லோருக்கும் சுலபம் இல்லை. உங்களுக்கு, செலவு தாங்கும் என்றால், ரைட்ஸ்டார்ட் பொருத்தமானது. இன்றைக்கு என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பாடத்திலும் எழுதியே தருகிறது. பெற்றோர் குழந்தையோடு சேர்ந்து புதிதாகக் கணக்கைக் கற்றுக்கொள்ள முடியும். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. குழந்தைகள் அதை மிகவும் விரும்புவார்கள்.

செலவு தாங்காது என்றால் தமிழ்நாட்டு அரசின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. இங்கே செயல்வழிக் கல்வி புதிதும் இல்லை. 2000களில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன, பிறகு மாநிலம் முழுக்கப் போயின. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கு ஏற்றபடி பிரித்திருக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் நிலையைப் பாருங்கள் என்ற அந்த எண்ணம் வீட்டுவழிக் கல்விக்கு அப்படியே பொருந்தும். ஆசிரியர் நண்பர்கள் இருந்தால் அந்தப் பயிற்சி நூல்களை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

ஜூலை 3

தேர்வு பற்றிய கவலைக்கு ஒரு வரி: தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படை நிலைகள் உண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வை 14 வயதில் எழுதலாம். ஆறு வயதில் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

ஜூலை 5

காகித மடிப்பு பற்றி ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். 1893-ல் சென்னையில் டி. சுந்தர ராவ் என்பவர் காகிதத்தை மடித்தே வடிவியல் கற்க ஒரு நூல் வெளியிட்டார். மழலையர் வகுப்புக்குத் தரும் மடிப்புக் காகிதங்கள்தான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தவை. நம் காலத்தில் பி.கே. சீனிவாசன் ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டிக் கணக்கு சொல்லிக்கொடுத்தார், 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் தொடங்கினார். கையால் கணக்கு செய்வதை இறக்குமதிச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் வருகிற இரண்டு முக்கோணங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி என்பதற்கு அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 19

ஓசூர் அம்மா எழுதியிருக்கிறார். மணிச்சரம் கோத்தாகிவிட்டதாம். மகன் கிளிப்பை மாட்டிவிட்டு அப்பாவிடம் "மூடிட்டுக் கேளுங்க" என்கிறானாம். துண்டு விளையாட்டை அவனே கேட்டு வாங்குகிறான்! இதைப் படித்த மகிழ்ச்சியில் இன்று காலை நடையைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

இப்போது வாங்க வேண்டியது: ஒரு பெட்டி குயிசனேர் கோல்கள். புத்தகம் வேண்டுமென்றால் மிக்வானின் முதல் புத்தகம், அல்லது சிங்கப்பூர் முதல் வகுப்புப் புத்தகம், இரண்டில் ஒன்று மட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. எழுதுவதை இன்னும் சில மாதம் நீங்களே செய்யுங்கள். அவன் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பென்சிலோடு அவனுக்கு இருக்கும் சண்டை கணக்கோடு இருக்கும் சண்டை இல்லை.

பெருக்கலை எப்போது தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோல்களில் மூன்று மஞ்சளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு செவ்வகம் செய்யச் சொல்லுங்கள். ஐந்து இளம்பச்சையை வைத்து இன்னொன்று. ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்தால் இம்மி பிசகாமல் பொருந்தும். "ஏன் ரெண்டும் ஒண்ணா இருக்கு?" என்று அவன் கேட்கும் வரைக்கும் வாய்ப்பாடு வேண்டாம். கேட்ட பிறகு 2, 5, 10 வாய்ப்பாடுகளை முதலில் எடுங்கள், 7-ஐக் கடைசியில்.